காட்டில் இலவசமாகக் கூடாரம் போட, வரைபடத்தில் புள்ளிகளைத் தேடுங்கள்

அமெரிக்க நேஷனல் ஃபாரஸ்ட்களில் கட்டணமில்லாமல் தங்க இடம் தேடுகிறீர்களா? எந்தப் பாதைகளில் வண்டி ஓட்டலாம் என்று காட்டும் வனத்துறையின் 'மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்'பைக் கிளம்பும் முன்பே இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். அவென்சா போன்ற வரைபடச் செயலியில் திறந்தால், சிக்னல் துளியும் இல்லாத இடத்தில்கூட நீங்கள் எந்தப் பாதையில் நிற்கிறீர்கள் என்று ஜிபிஎஸ் காட்டிவிடும்.

பாதைக் கோட்டின் ஓரமாகப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஓடினால், அங்கே வண்டியைப் பாதையிலிருந்து இறக்கிக் கூடாரம் போடலாம் என்று அர்த்தம். எவ்வளவு தூரம் இறக்கலாம், எந்த மாதங்களில் பாதை திறந்திருக்கும் என்பதும் அதே வரைபடத்தின் அட்டவணைகளில் இருக்கும். இருட்டிய பிறகு இடம் தேடி அலைவதும் அபராதமும் இதனால் மிச்சம்.

பாதை எண் பலகையையும் கவனியுங்கள். எண்கள் பக்கவாட்டில் எழுதியிருந்தால் பொதுவாகச் சாதாரண கார் போகும். மேலிருந்து கீழாக எழுதியிருந்தால் தரையிலிருந்து உயரமான வண்டி வேண்டும். சின்ன காருக்கு அடி தட்டும்.

நேஷனல் பார்க்குகளுக்கு இந்த வழி பொருந்தாது. தீ மூட்டுவதற்கான தடையும் இந்த வரைபடத்தில் வராது. கோடையில் அது திடீரென்று அமலுக்கு வரும் என்பதால் அந்தப் பகுதி ரேஞ்சர் அலுவலகத்துக்கு அன்றைக்கே போன் போட்டுக் கேட்பதுதான் சரி. புள்ளி இருக்கிறது என்பதற்காக ஓடைக் கரையிலேயே இறங்கிவிடாதீர்கள், தண்ணீரிலிருந்து 200 அடியாவது தள்ளிப் போடுங்கள். பல காடுகளில் தங்குவதற்கு 14 நாள்தான் உச்ச வரம்பு.