புதுச்சேரியைக் காசில்லாமல் சுற்றிப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரிக்கு ஒரு நாள் பயணமாக வருகிறவர்களில் பலர் காலை பத்து, பதினொரு மணிக்குத்தான் கடற்கரைச் சாலையில் வந்து இறங்குகிறார்கள். அந்த நேரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும், வண்டிகள் சீறிக்கொண்டு போகும், ஒதுங்க நிழல் இருக்காது. கால் மணி நேரத்தில் சலித்துப்போய், ‘இங்கே பார்க்க ஒன்றுமில்லை’ என்று குளிரூட்டிய கடைகளுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எல்லாமே செலவுதான். இந்த ஊரின் நல்ல விஷயங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே கிடையாது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தைத் தவறவிடுவதுதான் முதல் தவறு.

மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. தெரு முழுவதும் நடக்கிறவர்களுக்கே. மாலைக் கூட்டத்தைவிட விடியற்காலைதான் இந்தச் சாலைக்கு அழகு என்பது என் முடிவான கருத்து. சிலர் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று சாயங்காலம் வந்து கடலைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். இது கிழக்குக் கடற்கரை, சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஆறு மணிக்கு முன்னதாகவே எழுந்து காந்தி சிலைக்கு வந்துவிடுங்கள். சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்களின் சிற்ப வேலைப்பாட்டில் சாய்வெளிச்சம் விழும்போது, பகலில் கண்ணுக்குத் தப்பிவிடும் கொடிகளும் உருவங்களும் துலக்கமாகத் தெரியும். பக்கத்திலேயே 1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதன் எதிர்ப்பக்கம் போனால் பிரெஞ்சுப் போர் நினைவிடம்.

அடுத்தது நண்பகல். மணக்குள விநாயகர் கோயிலில் 12.30 மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அரவிந்தர் ஆசிரமம் 12 முதல் 2 வரை பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடுவதில்லை, புகைப்படமும் எடுக்கக் கூடாது. கைக்குழந்தையோடு வரிசையில் நின்றுவிட்டு வாசலில் வாதாடுகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் வெளியே இருந்து, மாறி மாறிப் போய்வருவதே வழி. கோயில் யானை லட்சுமியைக் காட்டுவதாகக் குழந்தைகளிடம் சொல்லி அழைத்து வந்துவிடாதீர்கள். 2022 நவம்பரில் லட்சுமி இறந்துவிட்டது.

இப்போது கடல். இதில் செய்யும் தவறுக்குத் திருத்தமே கிடையாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடற்கரைச் சாலையை ஒட்டிக் கிடக்கும் கரும்பாறைகள் இயற்கையானவை அல்ல. இங்கே முன்பு அகலமான மணல்வெளி இருந்தது. வருடத்தில் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1980-களின் பிற்பகுதியில் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்கள் கட்டினார்கள். மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வடக்கே இருந்த கரையைக் கடல் தின்றது. அரிப்பைத் தடுக்கக் கொட்டியவைதான் இந்தப் பாறைகள். அலை படும் கற்களில் பாசி படிந்து வழுக்கும், இடுக்குகளும் ஆழமானவை. செல்ஃபிக்காக அவற்றின் மேல் ஏறுவது வேண்டவே வேண்டாம்.

அண்மை ஆண்டுகளில் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்கடியில் ஒரு தடுப்பு அமைத்ததில் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. மணலைக் கண்டதும் இளைஞர்கள் ஓடிப்போய் இறங்குகிறார்கள். காலை நனைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வடக்கே செரினிட்டி கடற்கரை, ஆரோ கடற்கரை என்று போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அலை ஓங்காமல் அமைதியாகத் தெரியும் நீர்ப்பட்டையே பல நேரம் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டமாக இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் நண்பர்களோடு வந்து இப்படி மூழ்கிய செய்தியை எத்தனை முறைதான் படிப்பது! இழுக்கப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். ஒருவரைக் காப்பாற்ற நீச்சல் தெரியாத இன்னொருவர் இறங்கவே கூடாது. குடித்துவிட்டுக் கடலில் இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

ஊருக்குள் நடக்கிறவர்கள் பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்த வீடுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டு வாசற்படியை மறித்துக்கொண்டு அரை மணி நேரம் படமெடுப்பது நாகரிகமல்ல. இரண்டு பகுதிகளையும் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கும் வாருங்கள். வைசியாள் வீதியில் திண்ணையும் மரத்தூண்களுமாகப் புதுப்பிக்கப்பட்ட வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில்தான் இருந்தார், சிறந்த படைப்புகளில் பலவற்றை இங்கேதான் எழுதினார். பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை ஆயி மண்டபத்தின் முன் எல்லோரும் படமெடுக்கிறார்கள். தன் மாளிகையை இடித்து, மக்களுக்காகக் குளம் வெட்டித் தந்த ஆயி என்ற பெண்ணின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் படமெடுங்கள்.

ஊருக்கு வடக்கே இருக்கும் ஆரோவில்லில், மாத்ரிமந்திர் என்ற பொன்னிறக் கோள வடிவத் தியான மண்டபத்தை வெளியிலிருந்து பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் நேராக அங்கே போனால் விடமாட்டார்கள். முதலில் பார்வையாளர் மையத்துக்குப் போய் அனுமதிச் சீட்டு பெற்று, அங்கிருந்து நடக்க வேண்டும். உள்ளே அமர்ந்து தியானம் செய்ய முன்பதிவு தேவை. நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் முதல் நாளே இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பார்ப்பது இலவசம் என்றாலும் ஊரிலிருந்து ஆட்டோவுக்கு நல்ல தொகை ஆகும். கூலியைப் பேசிக்கொண்டு ஏறுங்கள்.

ஊருக்குத் தெற்கே இருக்கும் பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விடுவது இன்னொரு தவறு. 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமானியரோடு நடந்த வணிகத்தை உலகறியச் செய்த இடம். அங்கே தூண்களையும் மாளிகைகளையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆற்றோரத் தோப்பும் பிற்காலத்துச் செங்கல் சுவர்களும்தான் நிற்கின்றன. அகழ்ந்தெடுத்த பொருள்கள் சில ஊருக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் உள்ளன, அதற்குச் சிறு கட்டணம் உண்டு. அவற்றை முதலில் பார்த்துவிட்டுப் போனால் அந்த வெற்றுத் தரை பேசும். கையோடு தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மண்ணில் ஒரு பானை ஓடோ கண்ணாடி மணியோ கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள், எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம், எடுப்பது சட்டப்படி குற்றம்.