மூன்று பட்டதாரி ஆசிரியர்கள், மூன்று வகுப்புகள்: இரண்டாம் பருவக் கால அட்டவணை போடும் முறை

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒரு பிரிவும், அவற்றுக்கு மூன்று பட்டதாரி ஆசிரியர்களும், ஒரு தலைமை ஆசிரியரும் இருப்பதாகக் கொள்வோம். காலாண்டு விடுமுறை முடிந்து இரண்டாம் பருவம் தொடங்கும்போது, முதல் பருவ அட்டவணையையே எடுத்து அங்கங்கே அழித்து எழுதுவதுதான் பல இடங்களில் வழக்கம். அப்படிச் செய்யாமல், கட்டம் வரைவதற்கு முன்பே ஒரு வெள்ளைத்தாளில் ஆள் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. சிறிய பள்ளியின் அட்டவணை சிக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

நாளொன்றுக்கு 40 நிமிட அளவில் 8 பாடவேளைகள், வாரத்துக்கு 5 நாள்கள் என்றால் ஒரு வகுப்புக்கு 40 பாடவேளைகள் கிடைக்கும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலைநாள்களையும் 1,000 கற்பித்தல் மணிநேரத்தையும் குறைந்த அளவாக வைத்திருக்கிறது. நாளுக்கு 5 மணி 20 நிமிடம் என்ற நம் கணக்கு அதைத் தாண்டியே நிற்பதால் நேரத்துக்குப் பஞ்சமில்லை. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றுக்குத் தலா 7, சமூக அறிவியலுக்கு 6 என ஒதுக்கினால் 34 ஆகிறது. எஞ்சும் 6 பாடவேளைகள் உடற்கல்வி, ஓவியம், நூலகம் போன்றவற்றுக்கு.

இனி இதை ஆசிரியர்மீது ஏற்றிப் பாருங்கள். அதே சட்டம் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. அப்படியே பிரித்தால் மொழி ஆசிரியருக்கு 42 பாடவேளைகள், கணித, அறிவியல் ஆசிரியருக்கும் 42, சமூக அறிவியல் ஆசிரியருக்கு 18. வாரத்தில் இருப்பதோ 40தான். எவ்வளவு திறமையாகக் கட்டம் போட்டாலும் இந்த அட்டவணை அமையாது என்பது ஐந்து நிமிடக் கணக்கில் தெரிந்துவிடுகிறது.

ஆகவே பாடங்களை மாற்றிப் பகிர வேண்டும். சமூக அறிவியல் ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் பயிற்சியும் விருப்பமும் இருந்தால் இரண்டு வகுப்புகளின் ஆங்கிலத்தை அவரிடம் கொடுக்கலாம். அவருக்கு 32, மொழி ஆசிரியருக்கு 28 என்றாகும். இரண்டு வகுப்புகளின் அறிவியலைத் தலைமை ஆசிரியர் ஏற்றால் அவருக்கு 14, கணித ஆசிரியருக்கு 28. நிர்வாக வேலைக்கிடையே தலைமை ஆசிரியருக்கு 14 என்பது சுமைதான். ஆனாலும் அவருக்குக் கணிதத்தைக் கொடுக்காமல் இருப்பது என் பரிந்துரை. வட்டார வள மையக் கூட்டம், அலுவலக அழைப்பு என்று அடிக்கடி தடைபடுவது அவருடைய வகுப்புதான், தொடர்ச்சி அறுந்தால் மாணவர்கள் மிகவும் தடுமாறும் பாடம் கணிதம்.

எஞ்சிய 6 பாடவேளைகளை மூன்று வகுப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து, ஒருவரே பார்த்துக்கொள்ளும் கூட்டு வகுப்பாக ஒரே நேரத்தில் வையுங்கள். பகுதிநேர ஆசிரியர் வரும் பள்ளியானால் அவர் வரும் நாள்களிலும், இல்லையென்றால் நால்வரும் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளும்படியும் அமைக்கலாம். குறிப்பேடு திருத்தவும் பாடத்துக்கு ஆயத்தமாகவும் மற்றவர்களுக்கு நேரம் கிடைப்பது இதனால்தான். அவை எல்லாவற்றையும் கடைசிப் பாடவேளைக்கே தள்ளிவிடாமல் ஒன்றிரண்டை முற்பகலில் வைப்பது நல்லது. களைத்துப் போன மாலை நேரத்தில் கிடைக்கும் ஓய்வில் குறிப்பேடுகள் திருத்தப்படுவது அரிது.

கட்டத்தை நிரப்பும்போது மாற்ற முடியாதவற்றை முதலில் எழுத வேண்டும்: பகுதிநேர ஆசிரியரின் நாள்கள், கூட்டு வகுப்புகள். அடுத்து, 32 பாடவேளைகள் உள்ள ஆசிரியர். குறைந்த சுமையுள்ள தலைமை ஆசிரியரின் வகுப்புகளைக் கடைசியில் நிரப்பினால் அவை எங்கேயும் பொருந்திவிடும். கணித ஆசிரியர் ஒருவரே என்பதால் மூன்று வகுப்புகளுக்கும் காலை முதல் பாடவேளையில் கணிதம் என்பது நடக்காது. உணவுக்குப் பிந்தைய கணிதம் ஒரே வகுப்பின் தலையில் நாள்தோறும் விழாமல் சுழற்றுவதே செய்யக்கூடியது. அறிவியலில் ஏதேனும் ஒரு நாள் இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து வைத்தால் செய்முறை நடத்த இடம் கிடைக்கும்.

இரண்டாம் பருவத்துக்கென்றே ஒரு வேலை உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆயுதபூஜை, தீபாவளி, மழை விடுமுறை எனப் பல நாள்கள் போய்விடும். நாள்காட்டியை வைத்துக்கொண்டு எத்தனை திங்கள், எத்தனை செவ்வாய் உண்மையில் கிடைக்கின்றன என்று எண்ணுங்கள். விடுமுறை அதிகம் விழும் கிழமையில் ஒரே பாடத்தை இரண்டு முறை வைத்தால் அந்தப் பாடம் பருவ முடிவில் பின்தங்கிவிடும். விளையாட்டுப் பாடவேளை மழையில் நனையும் நாளுக்கு, வகுப்பறைக்குள் நடத்தக்கூடிய மாற்று ஒன்றையும் அட்டவணையிலேயே குறித்துவிடலாம்.

அட்டவணை முடிந்தபின் ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனித்தனியே அவருடைய பாடவேளைகளை எடுத்தெழுதினால், ஒரே நேரத்தில் ஒருவர் இரண்டு வகுப்புகளில் இருப்பது போன்ற பிழைகள் கண்ணில் படும். பிறகு விடுப்புச் சோதனை. கூட்டு வகுப்பு நேரம் போக, எந்தப் பாடவேளையிலும் நால்வரில் ஒருவர் மட்டுமே ஓய்வாக இருப்பார், அதுவும் பெரும்பாலும் தலைமை ஆசிரியராக இருப்பார். அவர் கூட்டத்துக்குப் போன நாளில் இன்னொருவர் விடுப்பெடுத்தால் இரண்டு வகுப்புகளை இணைத்துத்தான் நடத்த வேண்டும். எந்த இரண்டை இணைப்பது, எந்த அறையில் உட்கார வைப்பது, அப்போது என்ன நடத்துவது என்பதை முன்பே எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டிவிடுங்கள். ஆறையும் ஏழையும் இணைப்பது பொதுவாக எளிது. முதல் இரண்டு வாரங்களுக்கு அட்டவணையைப் பென்சிலில் வைத்திருந்து, ஆசிரியர்கள் சொல்லும் மாற்றங்களை ஒரே நாளில் சேர்த்துத் திருத்தி, தேதியிட்ட புதிய படியை வகுப்பறைகளிலும் தலைமை ஆசிரியர் அறையிலும் மாற்றியதும் பழைய படிகளை எடுத்துவிட வேண்டும்.