ஆல் இன் ஒன்னா, அசெம்பிள் செய்ததா: மதுரைப் பக்கம் கணினி வாங்குவோருக்கு

உசிலம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், மேசையில் இடம் அடைக்காது என்பதற்காகவே மூன்று ஆண்டுகளுக்கு முன், திரையும் கணினியும் ஒரே பெட்டியாக வரும் ஓர் ஆல் இன் ஒன் கணினியை வாங்கினார். வாரண்டி முடிந்த அடுத்த கோடையில் திரையின் நடுவே பச்சைக் கோடு ஒன்று விழுந்தது. பத்து நாளில் பாதித் திரை இருண்டுவிட்டது. உள்ளே பிராசசர் (கணினியின் மூளையான சில்லு), ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) எல்லாம் நன்றாகவே இருந்தன, ஆனால் திரையை மட்டும் மாற்றுவதற்குச் சொல்லப்பட்ட தொகையில் இரண்டு புது மானிட்டர் வாங்கிவிடலாம். நல்ல வேளையாக அந்தப் பெட்டியின் பின்புறம் எச்டிஎம்ஐ அவுட் (படத்தை வேறு திரைக்கு அனுப்பும் துளை) இருந்ததால் வீட்டில் கிடந்த பழைய மானிட்டரை அதில் மாட்டினார். இருண்ட திரையும் அதன் பக்கத்தில் பழைய மானிட்டருமாக, முன்பைவிட இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு ஆல் இன் ஒன்னே வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. வாங்கும் முன் ஒவ்வொரு பாகத்தையும் எடுத்துக்கொண்டு, இது கெட்டால் தனியாக மாற்ற முடியுமா, மாற்றும் ஆள் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்று கேட்டுப் பார்த்தால் போதும். ஆல் இன் ஒன் என்றால் எச்டிஎம்ஐ அவுட் இருக்கிறதா என்பதை அவசியம் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து படத்தை வாங்கும் எச்டிஎம்ஐ இன் மட்டும் இருந்தால் அது இந்த வேலைக்கு உதவாது.

எல்லாம் ஒன்றாக அமைந்த மலிவுக் கணினிகளிலும் வகை உண்டு. விலை மிகக் குறைந்த லேப்டாப்புகளில் ராமும் 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான மலிவு வகை) சேமிப்பும் போர்டிலேயே, அதாவது பாகங்கள் பொருந்தும் தாய்ப்பலகையிலேயே, பற்றவைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் 11 நிறுவுவதற்கே குறைந்தது 64 ஜிபி சேமிப்பும் 4 ஜிபி ராமும் வேண்டும் என்பதால், இப்படிப்பட்ட லேப்டாப் வாங்கிய நாளிலேயே மூச்சுத் திணறத் தொடங்கிவிடும். அதற்கு மாறாக, உள்ளங்கை அளவுள்ள மினி பிசிக்கள் பலவற்றில் ராமையும், போர்டில் நேராகச் செருகும் பட்டை வடிவ எம்.2 எஸ்எஸ்டியையும் கழற்றி மாற்றலாம். 2023இல் வந்த இன்டெலின் என்100 பிராசசர் போட்டவை 6 வாட் வகையைச் சேர்ந்தவை. மிகக் குறைந்த மின்சாரத்தில் பில்லிங், இணையம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைத் தாராளமாகப் பார்த்துக்கொள்ளும். கல்லூரிப் பிள்ளைக்கும், அடிக்கடி கரண்ட் போகும் ஊர்களில் இருப்பவர்களுக்கும் பேட்டரியோடு வரும் லேப்டாப்தான் சரி. யுபிஎஸ் செலவும் மிச்சம். ஆனால் விவர அட்டையில் ராம் ‘சோல்டர்டு’ அல்லது ‘ஆன்போர்டு’ என்று போட்டிருந்து, வேறு ஸ்லாட்டும் இல்லையென்றால், 16 ஜிபிக்குக் குறைவாக வாங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பாகங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக் கடையில் கோத்துத் தரும் அசெம்பிள் கணினி என்றாலே பின்னால் வசதிபோல் கூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் பாதிதான் உண்மை. ‘ஐ5 கம்ப்யூட்டர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி’ என்று ஆச்சரியப்படும் விலையில் விற்கப்படும் பெட்டிகளைத் திறந்தால், பெரும்பாலும் எச்61 சிப்செட் கொண்ட பழைய வகைப் போர்டும் 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசரும்தான் இருக்கும். போர்டு புதிதாகத் தயாரானதாக இருக்கலாம், கேபினட்டில் வண்ண விளக்கும் எரியலாம், ஆனால் அந்தப் பிராசசர் வேறெங்கோ ஓர் அலுவலகக் கணினியிலிருந்து கழற்றப்பட்டது. அதில் பழைய தலைமுறை ராமான டிடிஆர்3 மட்டுமே ஏறும், அதுவும் 16 ஜிபியோடு நின்றுவிடும். மைக்ரோசாஃப்டின் பட்டியல்படி விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தவருக்கு இது நல்ல பேரமாகக்கூட அமையலாம். மற்றவர்கள் ‘ஐ5’ என்று மட்டும் சொல்லும் கடைக்காரரிடம் எந்தத் தலைமுறை, முழு மாடல் எண் என்ன என்று கேட்டு, அதைக் கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

போர்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (போர்டில் பிராசசர் அமரும் இடம்) 2022இல் வந்தது, புதிய தலைமுறை ராமான டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். 2027 வரையாவது அதற்கு ஆதரவு தொடரும் என்று அந்நிறுவனம் சொல்லியிருக்கிறது. 2016இல் வந்த ஏஎம்4 விலை குறைவு, ஆனால் தன் ஆயுளின் கடைசிப் படியில் நிற்கிறது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 12, 13, 14ஆம் தலைமுறைகள் பொருந்தும். இவ்வளவும் சொன்னாலும், பிராசசரை மாற்றியவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். பெரும்பாலோர் மாற்றுவது ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஆகிய மூன்றைத்தான். ஆகவே இன்னும் வராத பிராசசருக்காக விலை கூடிய போர்டு வாங்குவதைவிட, ஒரு ராம் ஸ்லாட்டும் ஒரு எம்.2 ஸ்லாட்டும் காலியாக நிற்கும்படி பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். ராமைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கும் எப்போதும் செல்லாது. 2025 கடைசியில் ராம் விலை திடீரென்று ஏறியதில், தள்ளிப்போட்டவர்கள்தான் கூடுதலாகக் கொடுத்தார்கள். டிடிஆர்4 ராம் டிடிஆர்5 ஸ்லாட்டில் நுழையாது என்பதால் பழையதைக் கொண்டுபோய்ப் புதிதில் போட்டுக்கொள்ளவும் வழியில்லை. ஃபிளெக்ஸ் பேனரோ கல்யாண ஆல்பமோ வடிவமைப்பவர்கள் 32 ஜிபியும் தனி கிராஃபிக்ஸ் கார்டு போட இடமும் இல்லாத கணினியைத் தொடவே கூடாது. அவர்களுக்கு அசெம்பிள் செய்ததைத் தவிர வேறு பேச்சில்லை. சாதாரண வேலைக்குக் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம் என்றால், இன்டெல் பிராசசரின் பெயர் ‘எஃப்’ என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் திரைக்குப் படம் தரும் பகுதி இருக்காது.

நம் ஊர் வெயிலும் தூசியும் முதலில் பதம் பார்ப்பது எஸ்எம்பிஎஸ்ஸைத்தான். கேபினட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பாருங்கள், காலி டப்பாவைப்போல் இருக்கும். 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) உள்ளதைத் தனியாக விலை கொடுத்து வாங்குங்கள்; கடைக்காரர் வற்புறுத்தினாலும் இந்த ஒன்றில் மட்டும் இறங்கிவர வேண்டாம். சில பிராண்டட் டெஸ்க்டாப்புகளில் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவத்தில்தான் எஸ்எம்பிஎஸ் இருக்கும், டவுன்ஹால் ரோடு முழுக்கத் தேடினாலும் பொருந்துவது கிடைக்காது. மாசி வீதிகளுக்குள் இருப்பதுபோன்ற பழைய வீடுகளில், பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. இல்லையென்றால் கேபினட்டைத் தொடும்போதெல்லாம் சுர்ரென்று இழுக்கும். கேபினட்டின் பின்புறம் மூடாமல் விட்ட ஸ்லாட் வழியாகப் பல்லி உள்ளே போய் போர்டையே எரித்த கதை சர்வீஸ் செய்யும் எல்லோரிடமும் ஒன்று இருக்கும், ஆகவே மூடும் தகடுகளைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு முன் ஒரு முறையும் தீபாவளிக்கு முன் ஒரு முறையும் புளோயரால் தூசியை ஊதிவிட்டால் போதும்.

வாரண்டி விஷயத்தில் இரண்டுக்கும் முறை வேறு. பிராண்டட் கணினிக்குப் பெரும்பாலும் ஓராண்டு கிடைக்கும், ஆள் வீட்டுக்கே வருவார், ஆனால் உசிலம்பட்டிக்கும் வருவாரா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். அசெம்பிள் செய்ததில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. பிராசசருக்கும் போர்டுக்கும் பொதுவாக மூன்றாண்டு. கெட்ட பாகத்தைக் கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும், அந்த நாட்களில் மாற்றுப் பாகம் போட்டுத் தருவாரா என்பதுதான் ஒரு கடைக்காரரின் தரத்தைக் காட்டும். ஜிஎஸ்டி இல்லாமல் போட்டுத் தருகிறேன் என்றால் 18 சதவீதம் மிச்சமாவதுபோல் தோன்றும். பில் இல்லாத பாகத்துக்கு வாரண்டி கேட்டுப் போகும்போதுதான் அதன் வலி தெரியும்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன் கடையிலேயே கணினியை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பெயரையும், எத்தனை ராம் ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதையும் பார்த்துக் கொட்டேஷனோடு ஒப்பிடுங்கள். போர்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றின் சீரியல் எண்கள் பில்லில் ஏற வேண்டும். அவற்றின் காலி அட்டைப்பெட்டிகளைக் கடையில் விட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து பரணில் போட்டு வையுங்கள்.