கிளியிடம் நம்பிக்கை பெற விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் சென்ற மாதம் கொண்டையுள்ள சிறு வெளிநாட்டுக் கிளியான தம் காக்டெயில் பறவையைக் கூண்டோடு குன்னூரில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். “அண்ணா, போன மாசம் வரைக்கும் தோள்ல உட்கார்ந்துச்சு, இப்போ கையைப் பார்த்தாலே சீறுது” என்றார். அவர் நடந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. 11 ஆண்டுகளுக்கு முன் என் முதல் பறவையிடம் நான் செய்த அதே தவற்றை அவரும் செய்திருந்தார். தண்ணீரைத் தினமும் மாற்றுவது, கூண்டைச் சுத்தமாக வைப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம்பிக்கையைக் குலைக்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பச்சைக்கிளியை வாங்குவது

வாங்காதீர்கள். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கீழே உள்ளவை காக்டெயில், கொன்யூர் போன்ற, கூண்டிலேயே பிறந்த வெளிநாட்டு இனங்களைப் பற்றியவை.

முதல் வாரத்திலேயே கையை உள்ளே விடுவது

எங்கள் பகுதிக்கு வரும் பறவைகள் பெரும்பாலும் கோவையில் வாங்கப்பட்டு, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அலைக்கழிந்து, பழகாத குளிருக்குள் வந்து இறங்குகின்றன. அன்று மாலையே வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் கூண்டுக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். கிளி, பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம். அதனால்தான் நாற்புறமும் கவனிக்கும்படி அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்துதான். தேயிலைச் சரிவின் மேலே கருங்கழுகு ஒன்று தாழ்வாக வட்டமிட்டால், என் பறவை சன்னலருகே இறகுகளை உடலோடு ஒட்டிக்கொண்டு மூச்சுவிடுவதுகூடத் தெரியாமல் நின்றுவிடும். உங்கள் கை மேலிருந்து வரும்போதும் அப்படியே நிற்கும். ஆகவே கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். குரங்குகள் குதித்தோடும் தகரக் கூரைக்கு நேர்கீழே அதை வைக்காதீர்கள். முதல் வாரம் முழுவதும் அருகில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவது போதும்.

தீனியைக் காட்டி ஏமாற்றிப் பிடிப்பது

இந்தத் தவற்றைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

என் முதல் காக்டெயிலுக்கு நீண்ட தினைக்கதிரின் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையை நீட்டுவேன். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கதிரை அரை அங்குலம் குறைத்துக்கொண்டே வந்தேன். ஆறாவது வாரத்தில் ஒரு நாள் காலை, அது ஒரு காலைக் கம்பிலேயே வைத்துக்கொண்டு மறு காலை என் விரலின் மேல் வைத்தது. விரலில் அந்தச் சிறு பாதத்தின் சூடு தெரிந்தது. எடையை மாற்றாமல், எந்தக் கணமும் பின்வாங்கத் தயாராக நின்றபடி, அது நான்கைந்து மணிகளைக் கொறித்தது. மூன்று நாட்களில் இரு கால்களாலும் ஏறி நின்றது.

அப்போது அதன் நகம் வளர்ந்து என் கம்பளிச் சட்டையில் மாட்டிக்கொண்டே இருந்தது. பறவைக் கடைக்காரரிடம் கேட்டேன். “கதிரைக் காட்டுங்க, ஏறினதும் இன்னொரு கையால் பிடிச்சு வெட்டிடுங்க, ஒரு நாளில் மறந்துடும்” என்றார். அப்படியே செய்தேன். நகம் வெட்ட ஒரு நிமிடம்தான் ஆயிற்று.

மறுநாள் கதிரை நீட்டியபோது பறவை கதிரைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து என் இடக்கை எங்கே இருக்கிறது என்று தேடியது. பிறகு கூண்டின் கோடிக்கு ஓடிவிட்டது. “கை கெட்டது” என்று மட்டும் அது கற்றிருந்தால் எளிதில் மாற்றியிருக்கலாம். தினை வந்தால் அதன் பின்னாலேயே பிடி வரும் என்று அல்லவா அது கற்றிருந்தது! நான் நட்புக்கு அடையாளமாக வைத்திருந்த பொருளே ஆபத்துக்கு அடையாளமாகிவிட்டது. அது மீண்டும் என் விரலில் ஏற ஏழு மாதங்கள் ஆயின. “மறந்துவிடும்” என்ற அதே சொல்லை இன்றும் புதிதாக வாங்குவோரிடம் சொல்லி அனுப்புகிறார்கள் என்று கேட்கும்போது மனம் கொதிக்கிறது.

பிடித்தே ஆக வேண்டிய நேரங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அப்போது தீனியைக் கண்ணிலேயே காட்டாதீர்கள். நீங்கள் தீனி கொடுக்கும் இடத்தில் அல்லாமல் வேறொரு அறையில், விளக்கொளியைக் குறைத்து, மெல்லிய துண்டால், முடிந்தால் வீட்டில் வேறொருவர் பிடிக்கட்டும். பறவைகளுக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு வரும். எனவே மார்பை அழுத்தாமல் தலையின் இரு பக்கங்களையும் தாங்கிப் பிடிக்க வேண்டும். கூண்டில் வெவ்வேறு பருமனுள்ள, சொரசொரப்பான மரக்கிளைகளை வைத்தால் நகம் வெட்டும் தேவையே குறையும்.

கோத்தகிரி மாணவர் செய்தது இதன் இன்னொரு வடிவம். உண்மையில் இதுவே அதிகம் நடக்கிறது. காலையில் பறவையை அறையில் பறக்க விடுவார். கல்லூரிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டால் தினையைக் காட்டிக் கையில் ஏற்றிக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார். கையில் ஏறினால் சுதந்திரம் முடிந்துவிடும் என்று பறவை இரண்டே வாரத்தில் கண்டுகொண்டது. கூண்டுக்குள் விட்டு, ஒரு வாய் தீனி கொடுத்து, உடனே மீண்டும் வெளியே விடுவதை ஒரு நாளில் நான்கைந்து முறை செய்தால், கூண்டுக்குத் திரும்புவது தண்டனையாகத் தோன்றாது. அன்றைய முக்கியத் தீனியையும் கூண்டுக்குள்ளேயே வைக்க வேண்டும்.

சிறகை வெட்டுவது

பறந்து விலக முடியாத பறவைக்குக் கடிப்பது ஒன்றே வழி. வெட்டாதீர்கள்.

கடிப்பதற்கு முன் அது சொல்வதைக் கவனிக்காதது

காக்டெயில் திடீரென்று கடிப்பதில்லை. முதலில் கொண்டை விறைத்து நிமிரும், இறகுகள் ஒட்டிக்கொள்ளும், உடல் பின்னால் சாயும், பிறகு சீறும். கொண்டை நிமிர்ந்தவுடனேயே நீங்கள் கையை நிதானமாக விலக்கிக்கொண்டால், அடுத்த முறை சிறிய அறிகுறியே போதும் என்று அது அறிந்துகொள்ளும்.

சோர்வைப் பழக்கம் என்று எண்ணுவது

மார்கழி, தை மாத உறைபனியில், அதுவரை ஒதுங்கியே இருந்த பறவை இறகுகளை உப்பிக்கொண்டு அசையாமல் தொட விட்டால், அது பழகிவிட்டது என்று மகிழாதீர்கள். பறவைகள் நோயை இயன்றவரை மறைக்கும். எதிர்க்கத் தெம்பில்லாத நிலையில்தான் அடங்கும். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குளிருக்கென்று அந்த அறையில் கரி அடுப்பு மூட்டாதீர்கள்; மனிதருக்கே ஆபத்தான அந்தப் புகை பறவையை மிக விரைவில் கொன்றுவிடும்.

கைக்குக் கிடைத்ததைக் கொடுப்பது

நம் மலையில் தாராளமாகக் கிடைக்கும் வெண்ணெய்ப்பழமும் வீட்டில் செய்யும் சாக்லேட்டும் கிளிக்கு நஞ்சு.

குலைந்த பின் அவசரப்படுவது

மாணவரிடம் தினையை அடியோடு நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பதில் சூரியகாந்தி விதையை, அதுவும் வேறெங்கும் கொடுக்காமல், கூண்டைக் கடந்துபோகும்போது கிண்ணத்தில் ஒன்றிரண்டு போட்டுவிட்டு நிற்காமல் நகர்ந்துவிட வேண்டும் என்றேன். கையை நீட்டக் கூடாது, அதை நேருக்கு நேர் உற்றுப் பார்க்கவும் கூடாது. நேற்று தொலைபேசியில் அழைத்தார். இப்போது அவர் காலடிச் சத்தம் கேட்டால் பறவை கோடியிலிருந்து இரண்டு கம்புகள் முன்னால் வந்து நிற்கிறதாம். கையில் வாங்கலாமா என்று கேட்டார். இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றேன்.