இணையத் தொலைபேசி எடுக்கப் போகிறீர்களா? கட்டணத்தைக் கடைசியில் கேளுங்கள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இணையத் தொலைபேசி, அதாவது குரலை இணையத்தின் வழியே கொண்டுபோகும் தொலைபேசி பற்றி விசாரிக்கத் தொடங்குபவர் முதலில் கேட்பது, "மாதம் எவ்வளவு?" என்பதுதான். அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டியது. குரல் தெளிவாகக் கேட்குமா, மின்சாரம் போன பிறகும் மணி அடிக்குமா, வாடிக்கையாளர் கையில் இருக்கும் இலக்கம் மாறாமல் இருக்குமா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், விலைப்பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

படி 1: உங்களுக்கு இலக்கம் தேவையா என்று பாருங்கள்

வாட்ஸ்அப் அழைப்பும் இணையத் தொலைபேசிதான். ஆனால் அதில் செயலி வைத்திருப்பவருடன் மட்டுமே பேசலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையுடன் பேசுவதுதான் உங்கள் தேவை என்றால் அதற்கு மேல் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். ஒரு விடயம்: ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வாட்ஸ்அப் அழைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது. டுபாயில் இருப்பவர்கள் 'போட்டிம்' போன்ற அங்கு அனுமதி பெற்ற செயலிகளைப் பயன்படுத்துவது அதனால்தான். உங்கள் இணைப்பைக் குறை சொல்லி ரவுட்டரை மாற்றிப் பயனில்லை.

யாராலும் எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்கக்கூடிய இலக்கம் வேண்டும் என்றால் கதை வேறு. மருதமுனைக் கைத்தறி வியாபாரிக்கும் சம்மாந்துறை அரிசி ஆலைக்கும் பாசிக்குடா விடுதிக்கும் அது வேண்டும். 065 என்றால் மட்டக்களப்பு, 067 என்றால் கல்முனைப் பக்கம், 063 என்றால் அம்பாறைப் பக்கம் என்று அழைப்பவருக்குப் பார்த்தவுடன் தெரிகிறது. கொழும்பு மொத்த வியாபாரி உங்கள் கடை எங்கே இருக்கிறது என்பதை அந்த முதல் மூன்று எண்களிலேயே புரிந்துகொள்கிறார்.

படி 2: இணைப்பைச் சோதியுங்கள்

சாதாரணத் தரத்தில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 90 கிலோபிட் வேகம் போதும். ஒரு மணி நேரம் பேசினால் இரண்டு திசையும் சேர்த்து ஏறக்குறைய 80 மெகாபைட்தான் செலவாகும். ஆகவே "100 மெகாபிட் பொதி எடுத்தால்தான் குரல் தெளிவாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குரலைக் கெடுப்பது பெரும்பாலும் வேகக் குறைவு அல்ல, தாமதமும் தடுமாற்றமும்தான்.

வேகம் அளக்கும் செயலி ஒன்றைத் திறந்து மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிங் (தரவு போய்த் திரும்ப ஆகும் நேரம்), ஜிட்டர் (அந்தத் தாமதம் கூடிக் குறையும் தடுமாற்றம்), அப்லோட் (உங்களிடமிருந்து வெளியே போகும் வேகம்). பகல் பதினொரு மணிக்குப் பார்த்து மகிழ வேண்டாம். ஊரே படம் பார்க்கும் இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் பாருங்கள். மழை நாளில் ஒருமுறை பார்ப்பதும் நல்லது. ஜிட்டர் 30 மில்லி விநாடிக்கு மேல் ஏறிக்கொண்டே இருந்தால், அல்லது குரலைச் சுமந்து போகும் சிறு தரவுத் துண்டுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் தொலைந்தால், பேச்சு நடுவில் உடையும். ஒருவர் பேசி மற்றவர் காதில் விழுவதற்கு ஆகும் தாமதம் 150 மில்லி விநாடியைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

வைஃபையில் சோதித்து முடிவு எடுத்துவிடாதீர்கள். ரவுட்டரில் இருந்து கேபிள் போட்டு மறுபடி பாருங்கள். கேபிளில் நன்றாக வந்தால் குற்றம் இணைப்பில் இல்லை, வைஃபையைத் தடுக்கும் சுவரில் இருக்கிறது. ஃபைபர் வராத ஊர்களில் 4ஜி ரவுட்டர்தான் வழி. அதில் மாலை நேர எண்கள் ஒரு வாரம் சீராக இருந்தால் மட்டுமே கடைக்கு எடுக்கலாம்.

படி 3: எந்த வகை என்று தீர்மானியுங்கள்

வீட்டுக்கு: ஃபைபர் இணைப்புடன் நிலையான தொலைபேசியும் எடுத்திருந்தால், ரவுட்டரின் பின்புறத்தில் தொலைபேசிச் செருகி போகும் சிறிய துளை ஒன்று இருக்கும். பழைய தொலைபேசியை அதில் செருகுங்கள். குரல் இணையத்தின் வழியேதான் போகிறது, வேறு எதுவும் வாங்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளுக்கு இத்துடன் வேலை முடிந்தது.

சிறிய கடைக்கு, அதாவது ஒன்றிரண்டு பேர் பதில் சொல்லும் இடத்துக்கு: மேகப் பரிவர்த்தகம் போதும், அதாவது அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் வேலையைச் சேவை நிறுவனத்தின் கணினியே இணையத்தின் வழியே செய்வது. சேவை நிறுவனம் இலக்கத்தைத் தரும், கைத்தொலைபேசியில் ஒரு செயலி இருந்தால் கடை இலக்கம் அதில் ஒலிக்கும்.

பல மேசைகள் உள்ள இடத்துக்கு: உள்ளேயே ஒரு சிறு பரிவர்த்தகப் பெட்டி வைக்கலாம். அஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருளில் இயங்கும் பெட்டிகள் உண்டு. இங்கே ஒரு பயனுள்ள செய்தி: பழைய செப்புக் கம்பி இணைப்பைக் கைவிட வேண்டியதில்லை. எஃப்.எக்ஸ்.ஓ துளை (பழைய தொலைபேசிக் கம்பியைச் செருகும் துளை) உள்ள கேட்வே என்ற இணைப்புப் பெட்டி ஒன்றை வாங்கி அந்தக் கம்பியை அதில் செருகினால், பெயர்ப்பலகையில் இருபது வருடமாக இருக்கும் அதே 067 இலக்கம் புதிய பரிவர்த்தகத்துக்குள் வந்துவிடும். ஆனால் பராமரிக்கத் தெரிந்த ஆள் ஊரிலேயே இல்லாவிட்டால் இந்தப் பெட்டியை வாங்காதீர்கள். கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை கடை ஊமையாகக் கிடக்கும்.

படி 4: மின்சாரம் நின்றால் என்ன நடக்கும்?

பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே 48 வோல்ட்டாக வந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் மணி அடித்தது. ஃபைபர் கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ரவுட்டர் அணைந்தால் தொலைபேசியும் அணைந்துவிடும்.

இதற்குக் கடைகளில் கிடைக்கும் சிறிய யு.பி.எஸ் (மின்சாரம் நின்றதும் தன் மின்கலத்திலிருந்து மின் கொடுக்கும் பெட்டி) போதும், ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதைக் கவனமாக வாசியுங்கள். 8,800 மில்லி அம்பியர் மணி என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்தக் கணக்கு உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் மின்கலத்துக்கு உரியது. பெருக்கினால் 32 வாட் மணிதான். ரவுட்டரின் அடைப்டரில் 12 வோல்ட், 1 அம்பியர் என்று இருந்தால் அது 12 வாட். இடையில் வீணாவதையும் கழித்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடலாம். வோல்ட் அளவு பொருந்தாத யு.பி.எஸ் ரவுட்டரைக் கெடுத்துவிடக்கூடும்.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு வேறு கவனம் வேண்டும். செப்புக் கம்பியும், கூரையில் பொருத்திய 4ஜி அன்ரெனாவின் கேபிளும் மின்னலை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடியவை. வானம் இருண்டதும் மின்செருகியோடு அவற்றையும் கழற்றுங்கள்.

படி 5: சேவையகம் எந்த நாட்டில்?

விற்பனையாளர் விரும்பாத கேள்வி இது. சேவையகம், அதாவது அழைப்புகளை நடத்தும் சேவை நிறுவனத்தின் கணினி, அமெரிக்காவில் இருந்தால், கல்முனையில் இருந்து பக்கத்து மருதமுனைக்குப் பேசும் குரலும் அங்கே போய்த்தான் திரும்பும். நேர்கோட்டில் பார்த்தாலும் போக 14,000 கிலோமீற்றர், வர 14,000 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி ஆயிரம் கிலோமீற்றரைக் கடக்க 5 மில்லி விநாடி எடுக்கிறது. ஆக மேலே சொன்ன 150 மில்லி விநாடியில் 140 அதிலேயே போய்விட்டது. கடலடிக் கேபிள்களோ நேர்கோட்டில் போவதில்லை.

மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டு இலக்கத்துக்கும் இதே யோசனைதான். இலண்டனில் உள்ள உறவினர் அழைக்க அது வசதி. அக்கரைப்பற்று வாடிக்கையாளருக்கோ அது வெளிநாட்டு அழைப்புக் கட்டணம், அவர் அழைக்கமாட்டார். அத்துடன் 119, 1990 போன்ற அவசர இலக்கங்களுக்கு அத்தகைய சேவையை நம்ப வேண்டாம். சாதாரண சிம் போட்ட கைத்தொலைபேசி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

படி 6: பூட்டுகள்

சொந்தப் பெட்டி வைத்தால் பெட்டியோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் அதை மூடிவிடச் சொல்லுங்கள், தேவை என்றால் மாதத்துக்கு ஓர் உச்சவரம்பு போடச் சொல்லுங்கள். கணக்கைத் திருடுபவர்கள் கடை பூட்டிய இரவிலும் விடுமுறை நாட்களிலும்தான் கட்டணம் கூடிய வெளிநாட்டு இலக்கங்களுக்கு அழைக்கிறார்கள். பில் வரும்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது, அல்லது அழைப்பு அரை நிமிடத்தில் அறுந்துபோகிறது என்றால், ரவுட்டர் அமைப்பில் 'சிப் ஏ.எல்.ஜி' (SIP ALG) என்ற தேர்வை, அதாவது இணைய அழைப்புகளில் ரவுட்டர் குறுக்கிடும் வசதியை, அணைத்துப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே காரணம்.

படி 7: இப்போது விலையைக் கேளுங்கள்

மாத வாடகை, நிலையான மற்றும் கைத்தொலைபேசிகளுக்கு நிமிடக் கட்டணம், வரிகள், கருவியின் விலை, இடையில் நிறுத்தினால் கட்ட வேண்டியது: ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள். சேவையை நிறுத்தினால் இலக்கம் யாருக்குச் சொந்தம் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். சில வாரங்கள் பழைய இலக்கத்தோடு சேர்த்து இயக்கிப் பார்த்த பிறகே பெயர்ப்பலகைக்கு வர்ணம் அடிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.