தமிழ்99 பழகுவது எப்படி: ஒரு கம்பாசிட்டர் மகளின் பாடம்

கும்பகோணத்தில் தமிழ்த் தட்டச்சு சொல்லித்தருகிறேன். என்னிடம் வருபவர்கள் இரண்டு வகை. பழைய மெஷினில் லோயர், ஹையர் தேர்வு முடித்து, அந்தக் கைப்பழக்கத்தை விட மனசில்லாதவர்கள் ஒரு வகை. அம்மா என்ற சொல்லைக்கூட ஆங்கில எழுத்தில் அடித்து, கணினி தமிழாக்கித் தரட்டும் என்று இருக்கும் பிள்ளைகள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: தமிழ்99 பழகுங்கள். எழுத்து எப்படித் தோன்றுகிறது என்று பார்க்காமல், தமிழ் எப்படி ஒலிக்கிறது என்று பார்த்து அமைத்த விசைப்பலகை அது.

அப்பா லெட்டர்பிரஸ்ஸில் கம்பாசிட்டர். இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்து, கேஸ் என்ற அறைப்பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவார். 'கொ' வேண்டுமென்றால் கொம்பு ஒரு துண்டு, க ஒரு துண்டு, கால் ஒரு துண்டு. ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் துதிக்கை போல வளைந்த குறியோடு தனி அச்சு உண்டு. 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்ற பிறகு கேஸில் அந்த அறைகளுக்கு வேலை போனது.

நான் மெஷினில் உட்கார்ந்தபோதும் 'கொ' மூன்று துண்டுதான். கொம்பு, க, கால். புள்ளி, தட்டினாலும் தாள் நகராத விசை. முதலில் புள்ளியைத் தட்டி, அதன்மேல் எழுத்தைத் தட்ட வேண்டும். 247 எழுத்தை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்க அதைவிட நல்ல வழி அன்று கிடையாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா அந்த அமைப்புக்காகப் பாடுபட்டவர். ஆங்கிலத்துக்கு இருப்பது தமிழுக்கு இல்லையே என்ற ஆதங்கம் அவரை விடவில்லை. அவரை நினைக்காமல் நான் எந்த வகுப்பையும் தொடங்குவதில்லை.

ஆனால் இரும்புக்காகக் கண்டுபிடித்த யுக்தியைக் கணினியிலும் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை. உயிரும் மெய்யும் விசையில் இருந்தால் போதும், உயிர்மெய்யைக் கணினியே சேர்த்துக்கொள்ளும் என்று வாதாடியவர்களில் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி முக்கியமானவர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்99 உருவானது. தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். நாடெங்கும் பிள்ளைகள் அதில் தட்டுவதை அவர் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

முதலில் நிறுவுங்கள்

புதிய விண்டோஸில் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். மேக்கிலும் ஐபோனிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். மலேசியாவில் 1980களில் முரசு மென்பொருளைத் தொடங்கியவர் அவர். இன்னும் விடாமல் இதே வேலையில் இருக்கிறார்.

நிறுவியதும் ஒரு சோதனை. க விசையை (ஆங்கில H) இரண்டு முறை தட்டுங்கள். 'க்க' என்று வந்தால் சரி. 'கக' என்று வந்தால் அது முழுமையான தமிழ்99 இல்லை. வேறு மென்பொருள் பாருங்கள்.

விரலுக்கு வேலை பிரிப்பது

உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. வ, ங இரண்டு மட்டும் ஆங்கில V, B விசைகளில், இடது கைப் பக்கம் வரும். தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. நாள் முழுக்க அடித்தாலும் ஒரு கை மட்டும் ஓய்ந்துபோகாது.

இடது கையின் நடுவரிசை, ஆங்கில A விசையிலிருந்து: அ, இ, உ, புள்ளி, எ. அதற்கு மேல்வரிசை: ஆ, ஈ, ஊ, ஐ, ஏ. கவனித்துப் பாருங்கள், அ-வுக்கு நேர் மேலே ஆ, இ-க்கு மேலே ஈ, உ-வுக்கு மேலே ஊ, எ-வுக்கு மேலே ஏ. குறில் கீழே, நெடில் மேலே. கீழ்வரிசையில் ஔ, ஓ, ஒ. இதைப் பலகையில் எழுதிக்காட்டும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். மனப்பாடம் செய்ய இதில் என்ன இருக்கிறது?

வலது கையின் நடுவரிசை, ஹெச் விசையிலிருந்து: க, ப, ம, த, ந, ய. அடிக்கடி வரும் எழுத்துகள் விரல் ஓய்வெடுக்கும் இடத்திலேயே இருக்கின்றன. மேல்வரிசையில் ள, ற, ன, ட, ண, ச, ஞ. கீழ்வரிசையில் ல, ர. கமாவும் முற்றுப்புள்ளியும் தாண்டி ழ. ஷிப்டோடு மேல்வரிசையில் இடப்பக்கத்திலிருந்து ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ. ஷிப்டோடு புள்ளி விசையைத் தட்டினால் ஃ.

பயிற்சி

முதல் வாரம் நடுவரிசையை விட்டு விரலைத் தூக்காதீர்கள். அந்த ஒரு வரிசையிலேயே எத்தனை சொற்கள் இருக்கின்றன, பாருங்கள்: மதி, நதி, இதயம், பகுதி, தகுதி, நகம், பக்கம், பத்து, முத்து, பந்து, கம்பம். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடியுங்கள். 'தி' என்று எழுத்தாக நினைக்காமல் த, இ என்று ஒலியாக நினையுங்கள். பழைய மெஷின்காரர்களுக்கு இதுதான் கொஞ்சம் சிரமம். கொம்பைத் தேடி விரல் முன்கூட்டியே ஓடும். கொம்பு, கால், புள்ளி எதையும் தேடாமல் 'கொ' என்பதற்கு க, ஒ என்று தட்டுங்கள். அப்பா மூன்று துண்டு பொறுக்கினார், நான் மூன்று தட்டு தட்டினேன். இப்போது இரண்டே போதும்.

பிறகு மேல்வரிசை நெடில்களைச் சேருங்கள்: பாதை, தீபம், காகம். அப்புறம் ள, ற, ன, ட, ண, ச. ஞ, ங, ழ கடைசியில். வேகத்தை இப்போது பார்க்க வேண்டாம். கண் விசையைப் பார்க்காமல் திரையைப் பார்க்க வேண்டும், அது மட்டும் போதும்.

தானாக வரும் புள்ளி

தமிழ்99இல் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' வேண்டுமானால் அ, ம, ம, ஆ. இனமெல்லினத்தை அடுத்து வல்லினம் வந்தாலும் அப்படியே: ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற. 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ. 'கன்று' என்பதற்கு க, ன, ற, உ. பள்ளியில் தமிழ் ஐயா சொல்லித்தந்த இன எழுத்து இலக்கணம் விசைக்குள் இருந்து வேலை செய்கிறது. தமிழ் தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்தால்தான் இப்படி வரும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. புள்ளி வேண்டாத இடத்தில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் நடுவில் அ தட்ட வேண்டும். 'மமதை' என்பதற்கு ம, அ, ம, த, ஐ. 'தத்துவம்' என்பதற்கு த, அ, த, த, உ, வ, ம, புள்ளி. பப்பாளி, கக்கன் இரண்டும் இதே மாதிரிதான். இந்த நான்கையும் தனியாக எழுதிவைத்துப் பழகுங்கள். பழகாமல் விட்டவர்கள் எல்லாம் இங்கேதான் எரிச்சலாகிப் பழைய முறைக்குத் திரும்புகிறார்கள்.

பழைய கோப்புகளை என்ன செய்வது

தமிழ்99 பழகியவர்களின் அடுத்த கேள்வி இது. 1990களில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறியீடு இருந்தது. ஒருவர் அனுப்பியது இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். அந்தக் காலத்திலேயே ஸ்விட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகத் தந்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து வெளியிட்டார். இப்போது எல்லாரும் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு வந்துவிட்டோம். தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்றது. உங்கள் பழைய கோப்புகளும் வர வேண்டும்.

முதலில் ஒரு நகல் எடுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலக் குறியீடுகளில் பாமினியா, திஸ்கியா, டாபா என்று தெரியாமல் மாற்றினால் குப்பைதான் வரும். சுரதா உருவாக்கிய பொங்குதமிழ் என்ற இணைய மாற்றியில் ஒரு பத்தியை மட்டும் ஒட்டிச் சோதித்துவிட்டு, சரியாக வந்தால் மீதியை மாற்றுங்கள். பாமினிக் கோப்பில் ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் அவை தமிழ் எழுத்துகளாகச் சிதறும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

அப்புறம் சில எழுத்துகளைத் தேடித் திருத்துங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் அந்தக் காலத்தில் கால் போட வேண்டிய இடத்தில் ர அடித்திருப்பார்கள். எ என்ற எழுத்துக்குப் பதில் ௭ என்ற தமிழ் எண்ணும், க-வுக்குப் பதில் ௧-உம் இருக்கலாம். ஔவையார் என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக உடைத்திருப்பார்கள். தாளில் அச்சடித்தால் வித்தியாசம் தெரியாது. தேடினால் அந்தச் சொல் கிடைக்கவே கிடைக்காது. தமிழ்99இல் ஔ ஒரே தட்டு, இஸட் விசை. திருத்தி முடித்ததும் யூனிகோடுக் கோப்பு, பழைய கோப்பு, அதன் எழுத்துரு மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, இன்னொரு பென்டிரைவிலும் ஏற்றிவையுங்கள்.