கம்பைல் பாதியில் நின்றால் எந்த வரியைப் பார்க்க வேண்டும்?

லினக்ஸில் சோர்ஸ் கோடை, அதாவது மூல நிரலைப் பதிவிறக்கித் தாமே கம்பைல் செய்து (இயங்கும் நிரலாக மாற்றி) பார்க்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாணவர்கள் பலர், அதைச் செய்யும் ‘மேக்’ கட்டளை பாதியில் நின்றதும் திரையின் கடைசி வரியை மட்டும் படமெடுத்து அனுப்பி விளக்கம் கேட்கிறார்கள். அந்த வரியில் பெரும்பாலும் ‘எரர் 2’ என்றுதான் இருக்கும். வேலை நின்றுவிட்டது என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. தொப்பூர் கணவாயில் முன்னே ஒரு லாரி பழுதாகி நின்றால் பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் நின்றுவிடுவதைப் போல, முதல் பிழை ஒன்றே மற்றப் பிழைகளை வரிசையாக உண்டாக்குகிறது. ஆகவே முதல் பிழையைத்தான் தேட வேண்டும்.

படி 1: பதிவு எடுத்தல்

டெர்மினலில் ‘மேக் -ஜே1 2>&1 | டீ பில்ட்.லாக்’ என்று கொடுங்கள் (கட்டளைகளை அங்கே ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும்). ‘-ஜே1’ என்பதால் கோப்புகள் ஒவ்வொன்றாகவே கம்பைல் ஆகும். செய்திகள் ஒன்றோடொன்று கலக்காது. பின்னர் ‘கிரெப் -என் "எரர்:" பில்ட்.லாக்’ என்று தேடி, முதலில் வரும் வரியைப் படியுங்கள்.

படி 2: இல்லாததைக் கண்டுபிடித்தல்

புதியவர்கள் அதிகம் சந்திப்பது இதுதான். ‘ஃபேட்டல் எரர்: இசட்லிப்.ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வந்தால், இசட்லிப் என்ற அந்த லைப்ரரி (பிற நிரல்கள் பயன்படுத்தும் தொகுப்பு) உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கலாம், ஆனால் அதில் என்னென்ன உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் கோப்பு இல்லை. உபுண்டு, டெபியனில் ஹெடர்கள் ‘-டெவ்’ என்று முடியும் தனிப் பேக்கேஜில் வருகின்றன. இதற்கு உரியது ‘இசட்லிப்1ஜி-டெவ்’. ஃபெடோராவில் அந்தப் பெயர்கள் ‘-டெவெல்’ என்று முடியும். பேக்கேஜ் பெயர் தெரியாவிட்டால், ‘ஆப்ட்-ஃபைல்’ கருவியை நிறுவி, ‘ஆப்ட்-ஃபைல் அப்டேட்’ செய்தபின், ஹெடரின் பெயரைக் கொடுத்துத் தேடலாம். கம்பைலரே இல்லை என்று வந்தால் ‘பில்ட்-எசென்ஷியல்’ நிறுவினால் போதும்.

‘ஆப்ட் பில்ட்-டெப்’ தேவையான அனைத்தையும் ஒரே முறையில் இறக்கித் தரும். ஆனால் அதற்கு ஆப்ட்டின் மூலப் பட்டியலில் ‘டெப்-எஸ்ஆர்சி’ வரிகள் இயக்கப்பட்டிருக்க வேண்டும். அஞ்செட்டிப் பக்கம் கைப்பேசி டேட்டாவை நம்பியிருப்பவர்கள், விடுபட்ட பேக்கேஜை மட்டும் நிறுவுவதே நல்லது என்பது என் கருத்து. நிறுவியபின், ‘மேக்’குக்கு முன் தேவையானவை இருக்கின்றனவா என்று சோதிக்கும் ‘கன்ஃபிகர்’ கட்டளையை மீண்டும் ஓட்டுங்கள். அதுவே தோற்றால், காரணம் ‘கன்ஃபிக்.லாக்’ கோப்பில் விரிவாக இருக்கும்.

படி 3: நினைவகம்

‘கில்ட் சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்’ என்ற செய்தி வந்தால் நிரலைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் நினைவகம் தீர்ந்ததால் கெர்னலே கம்பைலரை நிறுத்தியிருக்கும். சில பெரிய சி++ கோப்புகள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் கேட்கும் என்பதால், 4 ஜிபி மடிக்கணினியில் ‘-ஜே4’ (ஒரே நேரத்தில் நான்கு கோப்புகள்) கொடுப்பது ஆபத்து. கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெஸ்ஜி’ கட்டளையின் வெளியீட்டில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று இருக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்து, ‘-ஜே1’ கொடுங்கள். அதுவும் போதாவிட்டால் ஸ்வாப் கோப்பு (வட்டின் ஒரு பகுதியைக் கூடுதல் நினைவகமாகப் பயன்படுத்துவது) சேருங்கள்.

படி 4: பழைய நிரல், புதிய கம்பைலர்

2020இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 10ஆம் பதிப்பு, ஒரே பெயர் பலமுறை வரையறுக்கப்பட்டுள்ளது என்னும் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ பிழைகளைப் பல பழைய நிரல்களில் வெளிக்கொணர்ந்தது. கம்பைலருக்கு ‘-எஃப்காமன்’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் அவை அடங்கும். 2024இல் வந்த ஜிசிசி 14, முன்பு எச்சரிக்கையாக மட்டும் இருந்த ‘இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்’ (அறிவிக்காமலேயே ஒரு ஃபங்ஷனை அழைப்பது) என்பதைப் பிழையாகவே ஆக்கிவிட்டது. விடுபட்ட ஹெடரை நிரலில் சேர்ப்பதே இதற்குச் சரியான தீர்வு.

இவற்றுக்குப் பிறகும் வழி தெரியாமல் உதவி கேட்டால், முதல் பிழையைச் சுற்றியுள்ள இருபது வரிகளையும் ‘ஜிசிசி --வெர்ஷன்’ தரும் பதிலையும் படமாக அல்லாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். படத்திலுள்ள வரியை எளிதாக நகலெடுத்துத் தேட இயலாது.